சர்வர் அப்கிரேட் ஆகலாம், கிராபிக்ஸ் ட்ரைவர் நகரக்கூடாது!

பழைய டெஸ்க்டாப் ஒன்றில் லினக்ஸ் ஏற்றி, வீட்டு வீடியோக்களையும் போட்டோக்களையும் அதில் சேர்த்து, அதையே சர்வராக ஓட்டிக் கொண்டிருப்பவர்கள் நம் வாசகர்களில் பலர். நானும் அப்படித்தான். என் சர்வரில் இருப்பது 2016-ல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு. மெமரி 4 ஜிபி. இன்றைய கேம்களுக்கு இது போதாது. ஆனால் டிவிக்குப் புரியாத வடிவத்தில் உள்ள வீடியோவை, டிவிக்குப் புரியும் வடிவத்துக்கு உடனுக்குடன் மாற்றி அனுப்பும் வேலையை இது அலட்டிக் கொள்ளாமல் செய்கிறது. அதே வேலையை என் பழைய ப்ராசசரிடம் கொடுத்தால் ஃபேன் போடும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும்.

நன்றாக இருக்கும் இந்தக் கார்டை ஒரு சாதாரண அப்டேட் செயலற்றதாக்கி விட முடியும் என்பதுதான் இன்றைய நிலை. மேக்ஸ்வெல், பாஸ்கல், வோல்டா ஆகிய மூன்று குடும்பக் கார்டுகளுக்கும் 580 வரிசை ட்ரைவரே கடைசி என்று 2025-ல் என்விடியா அறிவித்தது. ஜிடிஎக்ஸ் 900, 1000 எண்களில் உள்ள கார்டுகள் எல்லாம் இதில் அடக்கம். அடுத்து வந்த 590 வரிசையில் இவற்றுக்கு இடமில்லை. 2025 டிசம்பரில் ஆர்ச் லினக்ஸ் தனது வழக்கமான என்விடியா பேக்கேஜை 590-க்கு மாற்றியபோது, பாஸ்கல் மற்றும் அதற்கு முந்தைய கார்டுகளில் ட்ரைவர் ஏறாது, பழைய வரிசைக்கு நீங்களாகவே மாறிக் கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வெளியிட்டது. அறிவிப்பைப் பார்க்காமல் அப்டேட் கொடுத்தவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

சர்வரில் இன்னொரு சங்கடம் உண்டு. அதற்கு மானிட்டர் கிடையாது. டெஸ்க்டாப்பில் ட்ரைவர் போனால் திரையே காட்டிக் கொடுத்து விடும். சர்வரில் அப்படி இல்லை. ஜெல்லிஃபின் போன்ற மீடியா சர்வரில், டிவி நேரடியாகப் படிக்கக் கூடிய வீடியோக்கள் வழக்கம்போல் ஓடும். மாற்றி அனுப்ப வேண்டிய வீடியோ மட்டும் பிழை காட்டும். பத்து நாள் கழித்து யாராவது கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரிய வரும். அதற்குள் எந்த அப்டேட்டில் போனது என்று தேடுவது பெரும்பாடு.

முதலில் ட்ரைவர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து விடுவோம். என்விடியா ட்ரைவருக்கு இரண்டு பாதிகள். ஒன்று கெர்னலுக்குள் ஏறி உட்காரும் மாட்யூல். மற்றொன்று வெளியே சாஃப்ட்வேர்கள் பயன்படுத்தும் லைப்ரரிகள். இரண்டின் வெர்ஷன் எண்ணும் கடைசிப் புள்ளி வரை ஒன்றாக இருக்க வேண்டும். இரவில் தானாக நடக்கும் அப்டேட் லைப்ரரியைப் புதிதாக மாற்றி விடுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யாததால் மெமரியில் பழைய மாட்யூலே ஓடிக் கொண்டிருக்கும். காலையில் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையைக் கொடுத்தால் ட்ரைவரும் லைப்ரரியும் பொருந்தவில்லை என்ற செய்தி வரும். பதற வேண்டாம், பெரும்பாலும் ஒரு ரீஸ்டார்ட்டிலேயே சரியாகி விடும்.

கெர்னல் மாறும்போது வருவது இதைவிடப் பெரிய சிக்கல். லினக்ஸ் கெர்னல் தன் உள் அமைப்பு மாறாது என்று வெளி மாட்யூல்களுக்கு எந்த உறுதியும் தருவதில்லை. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் மாட்யூலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். இதைத் தானாகச் செய்து தருவது டிகேஎம்எஸ். அதற்கு அந்தக் கெர்னலுக்கு உரிய ஹெடர் பேக்கேஜ் இருக்க வேண்டும், ட்ரைவரின் சோர்ஸும் அந்தக் கெர்னலுக்கு ஒத்துவர வேண்டும். ஃபெர்மி கார்டுகளுக்கான 390 வரிசையை என்விடியா 2022 இறுதியோடு கைவிட்டது. இன்று புதிய கெர்னலில் அதை ஏற்ற வேண்டுமானால் ஆர்வலர்கள் எழுதிய பேட்ச்களைத் தேடி ஒட்ட வேண்டும். கைவிடப்பட்ட எந்த வரிசைக்கும் இந்த நிலை ஒருநாள் வரத்தான் செய்யும்.

அப்படியானால் எல்லாவற்றையும் அப்படியே நிறுத்தி வைத்து விடலாமா? கூடாது என்பேன். சர்வர் நெட்டில் இருக்கும் சாதனம். பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து கொண்டே இருக்க வேண்டும். நிறுத்த வேண்டியது ட்ரைவரின் வரிசை எண்ணை மட்டும்தான். 580-க்குள் வரும் சிறு திருத்தங்கள் வேண்டும், 590 வேண்டாம். சிறு திருத்தமும் நாம் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வர வேண்டும், நள்ளிரவில் அல்ல.

உபுண்டு, டெபியன் வைத்திருப்பவர்களுக்கு வழி எளிது. இன்ஸ்டால் ஆகியுள்ள பேக்கேஜ்களில் என்விடியா என்ற பெயர் உள்ளவற்றைப் பட்டியல் எடுங்கள். ஆப்ட்-மார்க் ஹோல்ட் என்ற கட்டளையோடு ட்ரைவர், லைப்ரரி, டிகேஎம்எஸ் என்று அத்தனை பெயர்களையும் கொடுங்கள். ஒன்றிரண்டை விட்டு விட்டால் அவை மட்டும் தனியே நகரப் பார்க்கும். ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட் கொடுத்தால் எவை நிறுத்தப்பட்டுள்ளன என்று தெரியும். தானாக நடக்கும் அப்டேட்டுக்கு அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்ற சாஃப்ட்வேர்தான் பொறுப்பு. அதன் செட்டிங் ஃபைலில் விலக்குப் பட்டியல் ஒன்று இருக்கும். அதிலும் என்விடியா பேக்கேஜ்களைச் சேர்த்து விடுங்கள்.

உபுண்டுவில் பேக்கேஜ் பெயரைக் கவனமாகப் படிக்க வேண்டும். பெயரின் இறுதியில் 'ஓப்பன்' என்று இருந்தால் அது என்விடியா 2022-ல் திறந்த சோர்ஸாக வெளியிட்ட மாட்யூல். ட்யூரிங் குடும்பத்துக்கும் அதன் பின் வந்தவற்றுக்கும் மட்டுமே அது உதவும். அதாவது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 எண்களிலிருந்து. பாஸ்கல் கார்டுக்கு அதைப் போட்டால் எண் 580 என்றே இருந்தாலும் கார்டை அது கண்டுகொள்ளாது. 'பேர் ஒன்றுதானே' என்று நினைக்க வைக்கும் இடம் இது.

கெர்னல் விஷயத்தில் என் பழக்கத்தைச் சொல்கிறேன். உபுண்டு எல்டிஎஸ்-ல் இரண்டு கெர்னல் பாதைகள் உண்டு. ஒன்று வெளியீட்டின்போது வந்த கெர்னலிலேயே கடைசி வரை நிற்பது. 24.04-க்கு அது 6.8. மற்றது எச்டபிள்யூஇ, அவ்வப்போது புதிய கெர்னலுக்குத் தாவும். சர்வருக்கு முதலாவதே போதும். அதைத் தனியாக நிறுத்தி வைக்க வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை. ப்ராக்ஸ்மாக்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த அதன் 9-ஆம் வெர்ஷன் டெபியன் 13-ஐ அடிப்படையாகக் கொண்டது. ஆனால் டெபியன் 13-ன் கெர்னல் 6.12, ப்ராக்ஸ்மாக்ஸ் வந்தது 6.14 உடன். டெபியன் தரும் 550 வரிசை ட்ரைவர் டெபியனின் கெர்னலுக்காகத் தயாரானது. ப்ராக்ஸ்மாக்ஸில் கெர்னல் மேலும் தாவும்போது அது கம்பைல் ஆகிறதா என்று பார்த்த பிறகே தொடர வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸ்-பூட்-டூல் கட்டளையில் 'கெர்னல் பின்' என்று ஒரு வசதி உண்டு. நன்றாக ஓடும் கெர்னலை அதில் குறித்து விட்டால், புதியது இன்ஸ்டால் ஆனாலும் பூட் ஆவது பழையதே.

எல்எக்ஸ்சி கண்டெய்னருக்குள் மீடியா சர்வர் ஓட்டுபவர்களுக்கு வேலை இரட்டிப்பு. கெர்னல் மாட்யூல் வெளியே ஹோஸ்ட்டில், லைப்ரரி உள்ளே கண்டெய்னரில். உள்ளே மாட்யூல் இல்லாமல் லைப்ரரியை மட்டும் இன்ஸ்டால் செய்து, எண்ணை ஹோஸ்ட்டோடு அச்சாகப் பொருத்த வேண்டும். டாக்கரில் என்விடியா கண்டெய்னர் டூல்கிட் ஹோஸ்ட்டின் லைப்ரரியையே உள்ளே தந்து விடுவதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கூடா 13 பாஸ்கலைக் கைவிட்டு விட்டது. கண்டெய்னர் இமேஜை 'லேட்டஸ்ட்' என்று இறக்காமல், கூடா 12-ஐக் கொண்ட குறிப்பிட்ட வெர்ஷனை எழுதி இறக்குங்கள்.

பெரிய அப்கிரேட் செய்யும் நாளன்று என்ன செய்வேன்? ஓடிக் கொண்டிருக்கும் ட்ரைவர் எண்ணையும் கெர்னல் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொள்வேன். ட்ரைவர் பேக்கேஜ் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுப்பேன். உபுண்டு களஞ்சியத்தில் இடைப்பட்ட வெர்ஷன்கள் நிற்பதில்லை. இன்று இருப்பது அடுத்த மாதம் கிடைக்காமல் போகலாம். சிஸ்டம் டிஸ்க்கின் ஸ்னாப்ஷாட்டும் அவசியம். பழைய கெர்னலில் பூட் செய்து தப்பிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். மாட்யூல் கம்பைல் ஆகவில்லை என்றால் அது உதவும். ட்ரைவரே 590-க்குப் போய் விட்டால் உதவாது, ஏனென்றால் பழைய கெர்னலுக்கும் புதிய ட்ரைவர்தான் இருக்கும். பிறகு ஹோல்டை நீக்கி, அப்கிரேட் செய்து, ரீஸ்டார்ட் கொடுத்து, என்விடியா-எஸ்எம்ஐ கார்டைக் காட்டுகிறதா என்று பார்த்து, மாற்றி அனுப்ப வேண்டிய வீடியோ ஒன்றை டிவியில் ஓட விட்டு, மறுபடி ஹோல்ட் போட்ட பிறகே எழுந்திருப்பேன். உபுண்டுவின் ரிலீஸ் அப்கிரேட் வெளிக் களஞ்சியங்களை முடக்கி விடும். ட்ரைவரை அங்கிருந்து எடுத்தவர்கள் அதையும் திரும்ப இயக்க வேண்டும்.

இந்த மூன்று குடும்பங்களுக்கும் 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு என்று என்விடியா சொல்லியிருக்கிறது. அதன் பிறகு 580-க்கும் 390-க்கு நேர்ந்ததுதான். அதற்குள் நான் கண் வைத்திருப்பது ஏழாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் ப்ராசசர் உள்ள ஒரு செகண்ட் ஹேண்ட் மினி பிசி. அதன் க்விக் சிங்க் 10 பிட் எச்இவிசி வரை சமாளிக்கும். அதன் கெர்னல் ட்ரைவர் லினக்ஸோடு சேர்ந்தே வருவதால் ஹோல்டும் வேண்டாம், டிகேஎம்எஸ்ஸும் வேண்டாம். விலை படிந்தால் 2028 வரை காத்திருக்க மாட்டேன்.