பகல் நிறுவை நேரத்தில் ஒரு நடை

கொழும்பு–மட்டக்களப்பு நெடுஞ்சாலையிலிருந்து பண்டாரவளைக்கும் ஹாலிஎலவுக்கும் வீதி பிரிகிற சந்தி பெரகல. மரக்கறி லொறிகளும் தேயிலை லொறிகளும் இங்கேதான் பிரேக் பிடித்துத் திரும்பும். பஸ் மாற நிற்பவர்கள் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த மலை வீதியில் ஏறினால் சில கிலோமீற்றரில் அப்புத்தளை. வங்கியிலும் கடைகளிலும் அங்கே வேலை செய்கிறவர்களிடம் பகல் இடைவேளையில் நடக்க நல்ல இடம் எது என்று கேட்டால், பள்ளத்தாக்கு தெரிகிற பக்கத்தையே கைகாட்டுவார்கள். அப்புத்தளையிலிருந்து போகும் தம்பேதன்ன வீதியைத் தொழிற்சாலை வீதி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஊவாவின் பழைய தொழிற்பேட்டைகளில் ஒன்று அந்த வீதி நெடுகக் கிடக்கிறது.

அப்புத்தளைக்கு ரயில் வந்தது 1893இல். அதற்கு முன்பே, 1890இல், கிளாஸ்கோ வணிகர் தோமஸ் லிப்டன் இந்த மலைகளில் தோட்டங்களை வாங்கி, தம்பேதன்னவில் தொழிற்சாலையும் கட்டுவித்தார். இலைநோயில் கோப்பி அழிந்துபோய், நிலம் மலிவாகக் கிடைத்த காலம் அது. தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வரப்பட்ட குடும்பங்களின் உழைப்பில்தான் இங்கே தேயிலை மலை மலையாக எழுந்தது.

நகரத்திலிருந்து தொழிற்சாலை ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர். ஒரு மணி நேர இடைவேளையில் போய்த் திரும்ப முடியாது. முதல் இரண்டு கிலோமீற்றர் நடந்தாலே போதும். தேயிலை வீதியின் ஓரத்துக்கே வந்துவிடும். நேரம் ஒத்துவந்தால் பகல் நிறுவையையும் பார்க்கலாம்.

கொழுந்து மடுவத்தில் பெண்கள் சாக்கோடு வரிசையில் நிற்பார்கள். இடுப்பில் கட்டிய படங்கு ஈரமாக இருக்கும். ஒவ்வொரு சாக்கும் தராசில் தொங்கும். கணக்கப்பிள்ளை எடையைக் குறித்துக்கொள்வார். சாக்குக்கும் இலையில் ஒட்டிய தண்ணீருக்கும் என்று ஒரு கழிவு உண்டு. எத்தனை கிலோ கழிப்பது என்பது மலையகத் தோட்டங்களில் ஓயாத வழக்கு. குறித்த அளவு கொழுந்து இருந்தால் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது 2021இல்தான். அதையும் பல ஆண்டுகள் போராடித்தான் பெற வேண்டியிருந்தது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கரை முதல் ஐந்து கிலோ வரை பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதை அந்தத் தராசுக்கு முன்னால் நின்று நினைத்துப் பார்க்கவேண்டும்.

தொழிற்சாலையைத் தோட்டத்து மக்கள் இன்னும் இஸ்டோர் என்றுதான் சொல்கிறார்கள். அது ஏன் இத்தனை மாடியும் இத்தனை ஜன்னலுமாக நிற்கிறது என்பதற்குக் காரணம் கொழுந்துதான். மேல்மாடிகளில் அதைப் பரப்பிப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் காற்றில் வாட்டுவார்கள். வாடியது போதுமா என்று பார்க்க அனுபவசாலிகள் ஒரு கைப்பிடி இலையை அழுத்திப் பிடித்துவிட்டுக் கையைத் திறப்பார்கள். பச்சை இலை என்றால் உடனே சிலிர்த்துக்கொள்ளும். பதமாக வாடியது உருண்டையாகவே இருந்து மெல்ல மெல்ல விரியும்.

பிறகு கீழே இறக்கி, உருட்டி, உடைத்து, செம்பு நிறம் வரும்வரை காற்றுப்பட வைத்து, சூடான காற்றில் உலர்த்திச் சலிப்பார்கள். பின்னேரம் வந்த கொழுந்து இரவெல்லாம் வாடுவதால் உருட்டும் வேலை வழக்கமாக விடியுமுன்பே தொடங்கிவிடும். பகலில் போகிறவருக்கு இதனால் ஒரு வசதி. நேற்றைய கொழுந்து தூளாகிச் சலிப்புக்கு வருவதையும் இன்றைய கொழுந்து வாசலில் வந்து இறங்குவதையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை போனால் இன்னொன்றும் கிடைக்கும். தென்மேற்குப் பருவமழை மலையின் மறுபக்கம் பெய்து தீர்ந்தபின், காய்ந்த காற்று இடைவெளிகள் வழியே இந்தப் பக்கம் அடிக்கும். அந்தக் காற்றில் தவித்த கொழுந்தில்தான் ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற வாசனை பிறக்கிறது. அதற்கு முக்கிய காரணமான மெதில் சலிசிலேற்றுதான் மூட்டுவலித் தைலங்களிலும் மணக்கிறது. கொழும்பு ஏலத்தில் இந்த மாதங்களின் ஊவாத் தேயிலைக்குத் தனிக் கிராக்கி.

பழைய தொழிற்சாலைகளை நடந்து பார்க்கும் வழக்கம் உலகத்துக்குப் புதிதல்ல. ஜெர்மனியின் ரூர் பகுதியில் 1986இல் மூடப்பட்ட ஸொல்வெரைன் நிலக்கரிச் சுரங்கம் 2001இல் உலக மரபுரிமையானது. நம் நாட்டிலும் கண்டி ஹந்தானையில் 1925ஆம் ஆண்டுத் தொழிற்சாலையொன்று தேயிலை அருங்காட்சியகமாக நிற்கிறது. அங்கெல்லாம் இயந்திரங்கள் ஓய்ந்துவிட்டன. தம்பேதன்னவில் இன்னும் ஓடுகின்றன. பார்க்க வேண்டிய இடம் என்று அதை முதலில் சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இந்த நடையில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களையும் கடந்துதான் போகவேண்டும். அவற்றை அழகான படமாக மட்டும் பார்ப்பது நியாயமில்லை. பெரகல சந்தியிலிருந்து வெல்லவாயப் பக்கம் போகும் வீதியில்தான் கொஸ்லந்தை. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் அங்கே மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். வீட்டிலிருந்த பெற்றோர் பலர் போய்விட்டார்கள். எந்தச் சரிவுக்குக் கீழே யார் வீடு இருக்கிறது என்று பார்க்கப் பழகுவதும் இந்த நடையில் சேர்ந்ததே.

தொழிற்சாலைக்கு மேலே லிப்டன் சீட் என்ற மலையுச்சிக்கு முச்சக்கரவண்டியில் ஏறி, படம் எடுத்து, அதே வண்டியில் இறங்கிப் போகிறவர்களே அதிகம். உச்சியிலிருந்து தொழிற்சாலைக்கு ஏழு கிலோமீற்றர், முழுவதும் இறக்கம். வண்டியை அனுப்பிவிட்டு நடந்து இறங்குங்கள். லயத்து வாசலில் ஆள் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். இஸ்டோருக்குள் போக அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். அப்புத்தளைக்குத் திரும்ப அங்கிருந்து பஸ் உண்டு.