கொழும்புக்குக் கப்பல், யாழ்ப்பாணத்துக்குப் பூட்டு!

பாவு வந்தால்தான் தறி ஓடும். நெய்த துணி ஊரைவிட்டுப் போனால்தான் அடுத்த பாவுக்குப் பணம் வரும். பொதட்டூர்பேட்டை நெசவாளத் தோழருக்கு இந்தப் பாடத்தை எந்தப் பொருளாதாரப் பேராசிரியரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. நூல் விலை தாவியபோதும், மடித்து வைத்த துணி விலைபோகாமல் தேங்கியபோதும், தறி நின்ற வீட்டில் உலை என்ன ஆகும் என்பதைப் பட்டறிந்தவர் அவர். வரும் வழி ஒன்று, போகும் வழி ஒன்று. இரண்டும் திறந்திருந்தால் பிழைப்பு. ஒன்று அடைபட்டாலும் பட்டினி.

வீட்டுக்குள்ள இந்த நியாயந்தான் நாட்டுக்கும். போரில் சிக்கிய நாட்டுக்கோ இது உயிர்மூச்சு. கோதுமையும் மருந்தும் எண்ணெயும் வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். துப்பாக்கி வாங்கவும் அதுவேதான் வேண்டும். செலாவணிக்கு ஏற்றுமதி வேண்டும். ஏற்றுமதிக்குத் துறைமுகமும் பாரந்தூக்கியும் சாலையும் இருப்புப்பாதையும் வேண்டும். போர்ச் செலவில் கஜானா காலியாகிக் கிடக்கும்போது இவற்றையெல்லாம் எவர் கட்டுவது? அங்கேதான் வெளிநாட்டார் உதவி வருகிறது.

அண்மையில் உக்ரைன் நாட்டிலே இதைப் பார்த்தோம். 2022 பிப்ரவரியில் போர் மூண்டது. கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. சில வாரங்களுக்குள் நம் ஊர் மளிகைக் கடையில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியதே, நினைவிருக்கிறதா? அந்த ஆண்டு ஜூலை 22ஆம் நாள், ஐ.நா. மன்றமும் துருக்கியும் முன்னின்று இஸ்தான்புல் நகரில் ஓர் ஏற்பாடு செய்தன. அது நீடித்த ஓராண்டுக்குள் ஏறத்தாழ 3 கோடியே 30 லட்சம் டன் தானியமும் பிற உணவுப் பொருள்களும் கப்பலேறின. ஐரோப்பிய ஒன்றியம் இருப்புப்பாதை வழியாகவும் டான்யூப் ஆற்றுத் துறைமுகங்கள் வழியாகவும் மாற்று வழி திறக்கக் கைகொடுத்தது. இது பிச்சையன்று, தன் விளைச்சலைத் தானே விற்றுப் பிழைக்க ஒரு வழி. போர்க்கால உதவிகளில் இது மேலானது என்றே நாமும் கருதுகிறோம்.

ஆனால், வழி யாருக்கு என்ற கேள்வி இருக்கிறதே! ஒரே நாட்டுக்குள் ஒரு பாதிக்கு வாசலும் மறு பாதிக்குப் பூட்டும் போட்டால் அந்த உதவியை என்னென்பது? இதற்கு விடை தேட உக்ரைன் வரை போக வேண்டாம். இராமேசுவரத்துக்கு அக்கரை போதும். அவ்வளவு தொலைவுகூட வேண்டாம். நம் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில், சிப்காட் ஆலைகளுக்கு அண்டையிலேயே, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. 2021இல் அதன் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். பெயர் நல்ல பெயர்தான். அங்குள்ளோர் ஏன் ஊரைவிட்டு வந்தார்கள் என்பதில் குண்டுவீச்சு ஒரு பாதி. ஊரில் பிழைக்க வழி அடைபட்டது மறு பாதி. அந்த மறு பாதியைத்தான் இங்கே பேச விரும்புகிறோம்.

1977இல் ஜெயவர்த்தனா ஆட்சிக்கு வந்ததும் இலங்கையின் வாணிபக் கதவுகளைத் திறந்துவிட்டார். 1978இல் கட்டுநாயக்காவில் ஏற்றுமதி வட்டாரம் எழுந்தது. சிங்களச் சிற்றூர்களிலிருந்து ஆயிரமாயிரம் இளம்பெண்கள் தையல் இயந்திரங்களின் முன் வந்து அமர்ந்தனர். 1983 ஜூலையில் கொழும்பு வீதிகளில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அன்று மூண்ட போர் 2009 மே மாதத்தில்தான் முடிந்தது. இந்த 26 ஆண்டுகளும் வெளிநாட்டார் உதவி நின்றதா? நிற்கவில்லை. உலக வங்கி தலைமை தாங்க, உதவி வழங்கும் நாடுகள் பாரிசில் கூடிக் கூடித் தொகை குறித்தன. ஜப்பான் கடனுதவியில் கொழும்புத் துறைமுகத்தில் ஜெயா பெட்டக முனையம் எழுந்தது; 1985இல் ஒரு தளம், 1987இல் இன்னொரு தளம். இடையிலே 1986இல், அந்நாட்டின் ஏற்றுமதியில் ஆயத்த ஆடை தேயிலையையே முந்திவிட்டது. போர் நடக்கும் நாட்டில் இது சாதாரணச் சாதனையா? அல்ல என்று ஒப்புக்கொள்வோம்.

அந்தத் தேயிலைதான் யார் பறித்தது? 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழர் பறித்தது. தமிழர் கிள்ளிய கொழுந்துக்குக் கொழும்பில் கப்பல் காத்திருந்தது. தமிழர் விளைத்த வெங்காயமோ வவுனியாவைத் தாண்ட வழியின்றி வாடியது.

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணைப் பற்றி நம் விவசாயத் தோழர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆறு இல்லாத நாடு அது. கிணறு தோண்டி, இறைத்து, பாத்தி பாத்தியாக வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைத்த உழைப்பாளிகள். விளைந்ததைத் தென்னிலங்கைச் சந்தைக்கு அனுப்பினார்கள். கடலில் பிடித்த மீனும் அப்படியே போயிற்று. காங்கேசன்துறையில் 1950 முதல் சிமெண்டு ஆலை ஓடியது. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. தங்கள் சரக்கைத் தாங்களே விற்றுப் பிழைத்த மக்கள். எவரிடமும் கையேந்தியவர்கள் அல்லர்.

1987 தொடக்கத்தில் கொழும்பு அரசு யாழ்ப்பாணத்துக்கு எரிபொருளைத் தடுத்தது. பட்டினி மூண்டது. ஜூன் 3ஆம் நாள் இராமேசுவரத்திலிருந்து 19 படகுகளில் உணவு புறப்பட்டது. இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பிற்று. மறுநாள் இந்திய விமானங்கள் பறந்து சென்று ஏறத்தாழ 25 டன் பொருளை வானத்திலிருந்து போட்டன. 'பூமாலை' என்று அதற்குப் பெயர். மூட்டை விழுந்தது, சாலை திறக்கவில்லை. வானத்திலிருந்து அரிசி வரலாம், வயலிலிருந்து வெங்காயம் போகக்கூடாது! இந்த வேறுபாட்டை அன்று எத்தனை பேர் கவனித்தனர்?

1990 ஜூன் 13 அன்று யாழ்தேவி இரயில் நின்றது. அதே ஆண்டில் காங்கேசன்துறை ஆலையும் நின்றது, மின்சாரமும் நின்றது. பிறகு தடைப் பட்டியல் வந்தது. எரிபொருள் கூடாது. சிமெண்டு கூடாது. இரும்பு கூடாது. பேட்டரி கூடாது. உரமும் கூடாது, வெடிமருந்து ஆகிவிடுமாம்! வெங்காயப் பாத்திக்குப் போகும் உரத்தை நிறுத்திவிட்டால் விளைச்சல் எங்கிருந்து வரும்? மீன் பிடிக்கக் கடலில் இறங்கினால் கடற்படை சுடும். மக்கள் என்ன செய்தனர் தெரியுமா? மிதிவண்டிச் சக்கரத்தைச் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து வானொலி கேட்டனர். துளிப் பெட்ரோலில் கிளப்பிய காரை மண்ணெண்ணெயில் ஓட்டினர். குப்பி விளக்கில் பிள்ளைகள் படித்தனர். வெளியூர் போக வேண்டுமென்றால் இரவில் கிளாலி நீரேரியைப் படகில் கடக்க வேண்டும். அங்கும் குண்டு பாயும். அறிவுக்கும் உழைப்புக்கும் குறைவில்லை அந்த மக்களிடம். சரக்கு வரவும் போகவும் வழி ஒன்றுதான் இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். கொழும்புத் துறைமுகத்தைக் கட்டியது தவறா? கட்டுநாயக்காவில் தையல் இயந்திரம் மிதித்த அந்தச் சிங்களப் பெண் நமக்குப் பகைவரா? ஒருகாலும் இல்லை! அவளும் நம்மைப் போன்ற கூலித் தொழிலாளிதான். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் அப்படியே. யாழ்ப்பாணத்துக்கு அவ்வப்போது கப்பலில் போன கோதுமை மாவும் வெளிநாட்டிலிருந்து துறைமுகத்தில் இறங்கியதுதானே. துறைமுகமே வேண்டாம் என்று சொல்வோர் அல்லர் நாம்.

நாம் கேட்பது வேறு. வலப்பையில் ஒருவர் காசு போட்டால் இடப்பையில் இருப்பதை அள்ளிச் செலவழிக்கலாம் அல்லவா? துறைமுகத்துக்கும் அணைக்கும் வெளிநாட்டார் பணம் தந்ததால், அரசின் சொந்தப் பணம் போருக்குப் போயிற்று. 1990களின் நடுவில் நாட்டு வருவாயில் 5 விழுக்காட்டுக்கும் மேல் படைச் செலவு. உதவி தந்தோர் துப்பாக்கி வாங்கித் தரவில்லை, உண்மைதான். வாங்குவதற்குக் கை ஓய்வு தந்தார்கள்.

பூட்டு ஒரு பக்கம் போட்டால் மறு பக்கக் கதவாவது நிலைத்ததா? 2001 ஜூலை 24 அன்று கட்டுநாயக்கா விமான நிலையம் தாக்கப்பட்டது. உடனே இலண்டன் காப்பீட்டுக்காரர்கள் போர் ஆபத்துக் கட்டணத்தை உயர்த்திவிட்டனர். கொழும்புக்கு வரவே கப்பல்கள் தயங்கின. அந்த ஆண்டு இலங்கைப் பொருளாதாரம் சுமார் ஒன்றரை விழுக்காடு சுருங்கிற்று. விடுதலை பெற்றபின் அப்படியொரு சரிவு அதுவே முதல் முறை. மறு ஆண்டு போர் நிறுத்தம் வந்தது. ஏ-9 நெடுஞ்சாலை திறந்தது. லாரிகள் இரு பக்கமும் ஓடின. 2003 ஜூனில் டோக்கியோவில் கூடிய நாடுகள் 450 கோடி டாலர் தருவதாக வாக்களித்தன; அமைதிப் பேச்சு முன்னேறினால்தான் பணம் என்றும் சொல்லிவைத்தன. நல்ல நிபந்தனைதான். எவ்வளவு நாள் நின்றது?

2006 ஆகஸ்டில் ஏ-9 மீண்டும் அடைபட்டது. யாழ்ப்பாணத்துக் கடைகளில் விலை வானைத் தொட்டது. அடுத்த ஆண்டு, 2007இல், ஆசிய வளர்ச்சி வங்கி கொழும்புத் துறைமுக விரிவாக்கத்துக்கு 30 கோடி டாலர் கடன் ஒப்பிற்று. அதே ஆண்டில் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி, அம்பாந்தோட்டையில் புதுத் துறைமுகம் கட்ட 30 கோடிக்கும் மேற்பட்ட டாலர் கொடுத்தது. தெற்கே இரண்டு துறைமுகத்துக்குப் பணம். வடக்கே ஒரு சாலைக்குப் பூட்டு!

ஆசிய வளர்ச்சி வங்கி நமக்குப் புதிதன்று. நம் மாவட்டத்து எண்ணூர்த் துறைமுகம் அந்த வங்கியின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2001இல் திறக்கப்பட்டதுதான். அதன் பயனை நாம் மறுக்கவில்லை. கடன் கொடுப்பவர் கப்பலின் ஆழத்தை அளக்கிறார், அலைதாங்கிச் சுவரின் நீளத்தை அளக்கிறார், வட்டியைக் கணக்கிடுகிறார். இந்நாட்டின் எல்லாச் சாலைகளும் இத்துறைமுகத்துக்கு வருகின்றனவா என்பதையும் அவர் அளக்கக்கூடாதா? ஏ-9 திறந்த நாளில்தான் அடுத்த தவணை என்று ஒரு வரி எழுதியிருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும்!

அப்படிக் கேட்கவே முடியாது என்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் இலங்கை ஆடைகளுக்குத் தந்த வரிச் சலுகையை, மனித உரிமை மீறலைக் காட்டி 2010 ஆகஸ்டில் நிறுத்திவைத்தது. ஆக, கேட்க முடியும். முள்ளிவாய்க்கால் முடிந்து ஓராண்டு கழித்துக் கேட்டார்கள். அதன் அடியும் கட்டுநாயக்காத் தையல் பெண் மீதே விழுந்தது; பூட்டுப் போட்டவர்கள் மீது விழவில்லை. 2017இல் சலுகை திரும்பியது. அதே 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 112 கோடி டாலருக்குச் சீன நிறுவனத்திடம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போயிற்று. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தது. துறைமுகக் கடன் ஒன்றே காரணமன்று. வரியைக் குறைத்தது, ஒரே நாளில் இரசாயன உரத்தை ஒழிக்கப் புறப்பட்டது எனப் பல உண்டு. மீண்டும் தனுஷ்கோடிக் கரையில் குடும்பங்கள் வந்திறங்கின. தமிழ்நாடு 40,000 டன் அரிசி தருவதாக அறிவித்து, மே 18 அன்று சென்னையிலிருந்து முதல் கப்பலை அனுப்பியது. சிங்களர் தமிழர் என்று பாராமல் அனுப்பிய அரிசி அது.

அரிசி அனுப்பிய கை, வழி திறக்கவும் முயல வேண்டும். இந்தியக் கடனுதவியில் 2014 அக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் சேர்ந்தது. 2019இல் சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் போயிற்று. 2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி புறப்பட்டது. காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்க ஆகும் செலவு முழுவதையும், 6 கோடி டாலருக்கும் மேல், தானே ஏற்பதாக 2024இல் இந்தியா ஒப்புக்கொண்டது. மகிழ்ச்சி. ஆனால் பயணிகள் கப்பலில் பெட்டி போகும். வெங்காய மூட்டை போகுமா? மீனை வைக்கக் குளிர்பதனக் கிடங்கு உண்டா? சரக்குக் கப்பல் எந்த மாதத்தில் அணையும்? சுங்கச் சாவடியில் சிறு விவசாயியின் பத்து மூட்டைக்கு இடம் உண்டா, அல்லது பெரும் கம்பெனியின் பெட்டகத்துக்கு மட்டுந்தானா?

கும்மிடிப்பூண்டி முகாமில் ஒரு குடும்பம் ஊர் திரும்புவதா வேண்டாமா என்று கணக்குப் போடும்போது, முதலில் எழுவது இந்தக் கேள்விதான்: போனால் அங்கே கூலி உண்டா? ஆகவே நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தில்லியில் எழுந்து இதையே கேட்க வேண்டும். காங்கேசன்துறையில் முதல் சரக்குக் கப்பல் எந்த நாளில்? அதில் முதலில் ஏறுவது யார் விளைத்த சரக்கு? தேதி சொல்லும்வரை உட்காரக்கூடாது.