உங்களுக்குத் தெரியுமா? கடவுளின் வேட்டை நாய்கள்

இன்றைய லாத்வியா, எஸ்டோனியா நாடுகளில் பரவியிருந்த லிவோனியப் பிரதேசம் ஸ்வீடனின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த 1691ஆம் ஆண்டில், எண்பது வயதைக் கடந்த தீஸ் என்னும் குடியானவர் நீதிஸ்தலத்தில் நின்று, தாம் ஓநாய் மனிதராய்த் திரிந்ததைச் சிறிதும் அச்சமின்றி ஒப்புக்கொண்டதோடு, தம்மைப் போன்றோர் சாத்தானின் ஊழியரல்லர், கடவுளின் வேட்டை நாய்களே என்றும், சூனியக்காரர் நரகத்திற்குக் கவர்ந்து சென்ற தானியத்தை, இரும்புச் சாட்டை ஏந்திய காவலரையும் மீறி உட்புகுந்து, ஊரார் பட்டினி கிடவாதபடி மீட்டு வருவதே தங்கள் தர்மம் என்றும் வாதித்தார். பாதிரியார் எவ்வளவோ போதித்தும் கிழவர் தம் வாக்கை மாற்றிக்கொள்ளவில்லை. அந்த உறுதி நம் வணக்கத்திற்குரியது. கசையடியும் நாடுகடத்தலும் தண்டனையாயின. பின்னர், இத்தாலிய சரித்திராசிரியர் கார்லோ கின்ஸ்புர்க் 1966இல் வெளியிட்ட நூலில், இத்தாலியின் ஃப்ரியூலி பிரதேச உழவரின் இதையொத்த நம்பிக்கைகளோடு இவ்வழக்கை ஒப்பிட்டு ஆராய்ந்தார்.