முட்டைக்கோசில் "மூளைப்புழு" பீதி! சித்தேரி மலைக்கு ஒரு கோஸ் ஏறினால் ஒரு வாரம் சமைக்கலாம்

சித்தேரி-

முட்டைக்கோஸ் தின்றால் மூளையில் புழு ஏறும் என்று ஒரு புரளி. பிளாஸ்டிக்கில் கோஸ் செய்து விற்கிறார்கள் என்று இன்னொரு புரளி. இரண்டையும் நம்பி, மலிவான நல்ல காயைத் தாய்மார்கள் பலர் ஒதுக்கி வைக்கிறார்கள். இதுபற்றிய விவரம் வருமாறு:-

தர்மபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி தாலுகாவில் இருக்கிறது சித்தேரி மலை. மலையாளி பழங்குடி மக்களின் குக்கிராமங்கள் மலை முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. சாமை, கேழ்வரகு, மரவள்ளி விளையும் பூமி. சந்தைக்கு என்றால் அரூருக்கு இறங்க வேண்டும். பஸ் காசு ஒரு பக்கம், போகிற பொழுது ஒரு பக்கம். ரோடு எட்டாத குக்கிராமங்களில் இருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகள் பேப்பரில் பலமுறை வந்தது உண்டு. அப்படிப்பட்ட ஊரில் தினம் ஒரு காய் வாங்கிச் சமைப்பது நடக்கிற காரியமா?

கீரை மறுநாளே வாடும். கத்தரிக்காய் இரண்டு மூன்று நாளில் சுருங்கும். முட்டைக்கோஸ் மட்டும் பிரிட்ஜ் இல்லாமலே நாலைந்து நாள் தாங்கும். மலைக் குளிரில் ஒரு வாரம்கூட நிற்கும். கையில் எடுத்தால் கனமாக, அமுக்கினால் இறுக்கமாக இருக்க வேண்டும். "மேல் இலையைச் சீவிக் கொடுப்பா" என்று கடைக்காரரிடம் கேட்கவே கூடாது. அந்தப் பச்சை இலைதான் உள்ளே இருப்பதற்குப் போர்வை!

இன்னொன்று, வீட்டுக்கு வந்ததும் கத்தியை எடுத்து நடுவில் ஒரே போடாகப் போடுவது தப்பு. வெட்டின வாய் கருத்து, அங்கிருந்துதான் அழுகும். மேலிருந்து இலை இலையாக உரித்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்தால் மிச்சம் அப்படியே இருக்கும்.

புழு யார்?

கோசுக்குள் பச்சையாக நெளிகிற புழுவைப் பார்த்து அலறுகிறோம். அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் குஞ்சு. லேசுப்பட்ட ஆள் இல்லை. ஜாவா தீவில் டி.டி.டி. மருந்துக்கே டிமிக்கி கொடுத்தது; 1953-ல் அதை எழுதி வைத்தார்கள். இதை ஒழிக்கத்தான் விவசாயிகள் மருந்து மேல் மருந்தாக அடிக்கிறார்கள். சமைக்கும்போது மேல் இலைகள் இரண்டு மூன்றைக் கழித்துவிடச் சொல்வது இதற்காகவே. ஆனால் இந்தப் புழு மனிதன் மூளைக்கு ஏறாது. எண்ணெய்ச் சட்டியில் விழுந்தால் அதோடு சரி.

மூளைக்குப் போகிற நிஜக் குற்றவாளி வேறு. பன்றி நாடாப்புழுவின் முட்டை! கண்ணுக்குத் தெரியாது. வயிற்றில் நாடாப்புழு உள்ளவர் வெளிக்குப் போன மண்ணில், தண்ணீரில், கழுவாத கையில் அது இருக்கும். அங்கிருந்து எந்தக் காயிலும் ஒட்டும். கேரட்டிலும் ஒட்டும், கொத்தமல்லியிலும் ஒட்டும். வயிற்றுக்குள் பொரிந்து மூளைக்குப் போனால் வலிப்பு வரும். இது நிஜமான நோய். பழியை மட்டும் கோஸ் தலையில் கட்டிவிட்டார்கள்.

உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஊற வைத்தால் பச்சைப்புழு வெளியே வந்து மிதக்கும். நாடாப்புழு முட்டை அதில் சாகாது. ஓடுகிற தண்ணீரில் இலை இலையாகக் கழுவி, வேக வைக்க வேண்டும். நெருப்புப் பட்டால் கதை முடிந்தது.

பிளாஸ்டிக் கோஸ் சமாச்சாரம்? வாட்ஸ்-அப்பில் சுற்றிய அந்தப் படத்தில் இருப்பது, ஜப்பான் ஓட்டல் வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கும் பொம்மைச் சாப்பாடு. அதை யாரும் தின்பதற்குச் செய்யவில்லை. கிலோ சில ரூபாய்க்கு விற்கிற காய்க்கு யாராவது பிளாஸ்டிக்கில் போலி செய்வானா? கொஞ்சம் யோசிக்க வேண்டாமா!

நாற்றம் ஏன்?

"இன்னைக்கும் கோஸா?" என்று வீட்டு ஆண்கள் முகம் சுளிக்கக் காரணம் அந்த நெடி. கோசில் கந்தகச் சத்து இருக்கிறது. வேக வேக நெடி கூடும். மூடி போட்டுக் குழைய விட்டால் தெரு வரை வீசும். 100 கிராம் பச்சைக் கோசில் 92 கிராம் வெறும் தண்ணீர். அப்புறம் எதற்குச் செம்பு செம்பாக ஊற்றுவது? அதில் 36 மில்லி கிராம் வைட்டமின் சி உண்டு. கொதிக்க வைத்து வடித்தால் அது சாக்கடைக்குத்தான் போகும்.

பொரியலுக்கு மெல்லிசாக நறுக்கி, கடுகு, உளுந்து, பச்சை மிளகாய் தாளித்த சட்டியில் போட்டு, தண்ணீரைக் கையால் தெளித்தால் போதும். லேசாக "கருக்" என்று கடிபடும்போதே இறக்கித் தேங்காய்ப்பூ தூவலாம். இரண்டு கோழி முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் பெயருக்கு ஏற்றபடி முட்டைக்கோசில் முட்டை வந்துவிடும்! காய் வேண்டாம் என்கிற பிள்ளைகளும் இதற்குத் தட்டை நீட்டும்.

வாயுத் தொல்லைக்காரர்கள் பெருங்காயம், சீரகம், இஞ்சியை மறக்கக் கூடாது. தைராய்டு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. 1928-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கோசையே தீனியாகப் போட்டு வளர்த்த முயல்களுக்குக் கழுத்துக் கழலை வந்தது. நாம் முயல் இல்லை. அயோடின் உப்பு போட்டு, வேக வைத்து, மற்ற காய்களோடு மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை.

சாமைச் சோற்றுக்குக் கூட்டு

சாமைச் சோறு பொல பொல என்று உதிரும். அதற்குப் பொரியல் எடுபடாது, குழைவாக ஏதாவது வேண்டும். பாசிப்பருப்பை மஞ்சள் தூள் போட்டு முக்கால் வேக்காடு வேக வைத்து, அதில் கோசைப் போட்டு, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து ஊற்றிய கூட்டு சாமைக்கென்றே செய்தது போல இருக்கும். களிக்கு இதையே மத்தால் நன்றாக மசித்துவிடலாம். களி உருண்டையைக் குழித்து ஊற்றினால் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

கேழ்வரகு அடைக்கு முருங்கைக்கீரை கிடைக்காத நாளில் கோஸ் கை கொடுக்கும். பொடியாக நறுக்கி, வெங்காயம், பச்சை மிளகாயோடு மாவில் உப்புப் போட்டுப் பிசைய வேண்டும். கோசே தண்ணீர் விடும். ஆகவே தண்ணீரைப் பார்த்து ஊற்ற வேண்டும். இல்லையென்றால் அடை கல்லில் ஒட்டி மானத்தை வாங்கிவிடும்.

நடுத் தண்டைப் பலர் குப்பையில் வீசுகிறார்கள். மேல் தோலைச் சீவினால் உள்ளே இனிப்பாக இருக்கும். சாம்பாரில் நூக்கல் மாதிரி வேகும். காய்ந்த மிளகாய், உளுத்தம்பருப்பு, துளி புளியோடு வதக்கி அம்மியில் அரைத்தால் துவையல்.

தட்டில் ஆள் மாறாட்டம்!

கோவைப் பக்கத்தில் மாலை நேரத் தள்ளுவண்டிகளில் "காளான்" என்று சுடச்சுட ஒரு தட்டு விற்கிறது. கூட்டம் அலைமோதும். அதைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் இருப்பது முட்டைக்கோஸ்தான். மாவில் பிசைந்து பொரித்து, மசாலாக் குழம்பில் பிய்த்துப் போடுகிறார்கள். காளான் என்றால் நாக்கைச் சப்புக்கொட்டுகிறவர், வீட்டில் அதே கோசை வைத்தால் முகத்தைத் திருப்புகிறார்! வீட்டிலேயே கடலை மாவு, அரிசி மாவில் பிசைந்து பக்கோடாவாகப் போடலாம். சிவப்புச் சாயம் மட்டும் வேண்டாம். கோபி மஞ்சூரியனில் செயற்கைச் சாயம் போடுவதற்குக் கர்நாடகத்தில் 2024 மார்ச்சில் தடையே வந்தது.

ஓசூர், தாளவாடி, நீலகிரிப் பக்கம் கோஸ் மலை மலையாக விளைகிறது. 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும் வரை ஓசூரும் தர்மபுரி மாவட்டம்தான். முற்றிய கோஸ் காட்டில் காத்திருக்காது, வெடித்துவிடும். விலை சரிந்தால் வெட்டுக்கூலிகூடத் தேறாது. அப்போது மாட்டுக்குப் போடுகிறார்கள், டிராக்டர் விட்டு உழுகிறார்கள்.

கப்பலில் ஊறிய கோஸ்

அந்த மாதிரி மலிந்த நேரத்தில் இரண்டு கோஸ் கூட வாங்கி உப்பில் போட்டு வைக்கலாம். ஐரோப்பாவில் இது பழைய வழக்கம். 1768-ல் புறப்பட்ட கேப்டன் குக்கின் கப்பலில் பல் ஈறு நோய் வராமல் இருக்க இந்தப் புளித்த கோசை ஏற்றிப் போனார்கள். மாலுமிகள் தொட மறுத்தார்கள். குக் அதட்டவில்லை. அதிகாரிகள் மேஜையில் மட்டும் தினம் பரிமாறச் சொன்னார். அவ்வளவுதான்! பெரிய துரைகள் தின்கிறார்கள் என்றதும் மாலுமிகள் போட்டி போட்டார்கள். கடைசியில் அளந்து கொடுக்க வேண்டியதாயிற்று. காய் தின்னாத பிள்ளைகளிடம் நம் வீடுகளிலும் இந்த வித்தை செல்லும்.

ஒரு கிலோ கோசுக்கு 20 கிராம் உப்பு. இலை இலையாகக் கழுவி, நீளமாக நறுக்கி, உப்பைப் போட்டுத் தண்ணீர் விடும் வரை கையால் பிசைந்து, பீங்கான் ஜாடியில் அமுக்க வேண்டும். கோஸ் தன் தண்ணீருக்குள்ளேயே முழுகி இருக்க வேண்டும். மேலே மிதந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு சின்னத் தட்டும் அதன்மேல் கழுவின கல்லும் வைத்தால் போதும். கீழ்நாட்டு வெயிலில் மூன்று நாலு நாளிலேயே புளித்துவிடும். சித்தேரி மாதிரிக் குளிர்ந்த ஊரில் ஒரு வாரத்துக்கு மேலாகும். கழுவினதில் சந்தேகம் இருப்பவர்கள் எண்ணெயில் வதக்கியே தின்னட்டும். காய்ந்த மிளகாய் கிள்ளிப் போட்டு வதக்கினால் கேழ்வரகுக் கூழுக்குத் தொட்டுக்கொள்ளத் தோதாக இருக்கும்.