உங்களுக்குத் தெரியுமா? பந்தயமா, துக்க வீடா!

அந்தக் காலத்து இங்கிலாந்தில் சைக்கிள் பந்தயம் ஓட்டியவர்கள் கழுத்து முதல் கணுக்கால் வரை கறுப்பு உடை அணிய வேண்டியிருந்தது. பந்தயம் நடப்பதே வெளியே தெரியக்கூடாதாம்!

• பொதுச்சாலையில் கூட்டமாகப் போட்டி போட்டால் போலீஸ் தொல்லை. 1890களில் சைக்கிள் ஓட்டுநர் சங்கமே அதற்குத் தடை போட்டது.

• பிட்லேக் என்பவர் ஒரு வழி கண்டார்: விடியற்காலையில், இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கிளம்பி, கடிகாரத்தோடு போட்டி. 1895 அக்டோபர் 5இல் இப்படி ஒரு 50 மைல் போட்டி நடந்தது.

• உடை: கறுப்பு அல்பாக்கா கம்பளிக் கோட்டு, கறுப்பு டைட்ஸ். சைக்கிளில் மணியும் கட்டாயம். ஒளிந்து போகிறவனுக்கு மணி எதற்கோ!

• பாதைகளுக்கு ஊர்ப்பெயர் கிடையாது, ரகசியக் குறியீடுதான். அந்தக் குறியீடுகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன.