லாக்கப்புக்குள்ளும் சட்டம் உண்டு!

ஆலை வாயிலிலே ஆர்ப்பாட்டம். போலீஸ் வேன் வருகிறது. தொழிலாளி ஒருவரைப் பிடித்து ஏற்றுகிறார்கள். "எதற்கய்யா?" என்று கேட்டால், "ஸ்டேஷனுக்கு வா, சொல்கிறோம்" என்று பதில். வீட்டுக்குத் தகவல் இல்லை. வக்கீலுக்குத் தகவல் இல்லை. இது பல இடங்களில் நடப்பது. சட்டம் இப்படியா சொல்கிறது? இல்லை, தோழர்களே, இல்லவே இல்லை!

அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு மூன்று கட்டளைகளை இடுகிறது. கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும். கைதானவர் தாம் விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ள விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். காரணத்தை எழுத்திலே, அவருக்குப் புரிகிற மொழியிலே கொடுக்க வேண்டும் என்று 2025இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறியது. 1996ஆம் ஆண்டு டி.கே. பாசு வழக்கில் அதே கோர்ட், கைதுக் குறிப்பிலே நேரமும் தேதியும் இருக்க வேண்டும், குடும்பத்தாரோ அந்த வட்டாரத்துப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்று விதித்தது.

கைதான தோழர் அறிய வேண்டியது இரண்டு: எங்கே வாய் திறக்கக் கூடாது, எங்கே திறந்தே ஆக வேண்டும்?

போலீஸ் ஸ்டேஷனிலே பெயரும் முகவரியும் சொல்லலாம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது; 20(3) பிரிவு அதைத் தடுக்கிறது. போலீசாரிடம் "நான்தான் செய்தேன்" என்று சொன்னது கோர்ட்டிலே செல்லாது. அதன் வழியே ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் ஏற்கப்படலாம். விசாரணை வாக்குமூலத்திலே கையெழுத்து வாங்கவே கூடாது என்பதும் சட்டம். வெற்றுத் தாளிலோ கையெழுத்துப் போடவே வேண்டாம்!

மாஜிஸ்ட்ரேட் முன்னே நிலைமை நேர்மாறு. அங்கே மவுனம்தான் ஆபத்து. அடித்தார்களா, காயம் உண்டா, எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், எல்லாவற்றையும் அங்கேயே சொல்ல வேண்டும். பதிவு செய்யும்படி கேட்க வேண்டும். அஞ்சி "ஒன்றுமில்லை" என்றால், அந்த ஒரு சொல்லே நாளை நமக்கு எதிராக நிற்கும். 2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவலிலே பட்ட பாட்டையும் மாண்டதையும் நாடே கண்டது. 24 மணி நேர விதியும் டாக்டர் சோதனையும் வெறும் சடங்கானால் பலியாவது உயிர்!

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். காவலில் உள்ள எவருக்கும் இலவச வக்கீல் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தரும் உரிமை அது. வருமானக் கணக்கு அதற்குக் கிடையாது. கூப்பிட வேண்டிய எண் 15100.

ஜாமீனிலும் விழிப்பு வேண்டும். 60 நாளுக்குள், பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள பெருங்குற்றமானால் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிறது. ஆனால் மனுப் போட்டுக் கேட்க வேண்டும்! கேட்பதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, முன்பு முதல் 15 நாளுக்குள் முடிய வேண்டியிருந்த போலீஸ் காவலை, 40 அல்லது 60 நாளுக்குள் துண்டு துண்டாகக் கேட்க இடம் தந்திருக்கிறது. குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவலிலோ 24 மணி நேர விதியே பொருந்தாது. வலை இறுகும்போது நம் விழிப்பும் கூட வேண்டாமா?

எனவே, ஒவ்வொரு சங்க அலுவலகச் சுவரிலும் 15100 என்று எழுதுங்கள். பக்கத்திலேயே நம் வக்கீலின் பெயரையும் எழுதுங்கள். ஒரு தோழர் கைதானால் இருவர் உடனே ஸ்டேஷனுக்குப் போங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கைதுக் குறிப்பைக் கேளுங்கள். வெளியே ஆள் நிற்கிறது என்று தெரிந்தால், உள்ளே ஓங்கிய லத்தியும் ஒரு கணம் தயங்கும்!