மதுரைக் கோட்டை

மதுரைக் கோட்டை என்பது மதுரை நகரைச் சூழ்ந்திருந்த, அகழியுடன் கூடிய அரண் ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது இடிக்கப்பட்டு, அகழியும் தூர்க்கப்பட்டது. இன்று சிறு பகுதிகளே எஞ்சியுள்ளன. எனினும், நகரின் வெளி வீதிகளைக் கொண்டு கோட்டையின் எல்லையை அறியலாம்.

அமைப்பு

பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பாண்டியர் காலக் கோட்டையை அகற்றி, இரட்டை மதில்களும் அகழியும் கொண்ட பெரிய கோட்டையைக் கட்டினார். இதில் 72 கொத்தளங்கள் இருந்தன என்றும், அவை 72 பாளையக்காரர்களின் பொறுப்பில் விடப்பட்டன என்றும் மரபுவழிச் செய்திகள் கூறுகின்றன. பழங்காநத்தம் போன்ற இன்றைய மாநகராட்சிப் பகுதிகள் அக்காலத்தில் கோட்டைக்கு வெளியே இருந்த சிற்றூர்கள் ஆகும்.

முற்றுகை

மருதநாயகம் எனப்படும் முகம்மது யூசுப் கான் இக்கோட்டையில் இருந்தபடி ஆங்கிலேயரையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்தார். 1763ஆம் ஆண்டு முற்றுகை மழைக்காலத்தில் கைவிடப்பட்டது. 1764 சூன் மாதத் தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. பின்னர் உணவு வரத்து தடைபட்டது. தம்முடன் இருந்தவர்களாலேயே காட்டிக்கொடுக்கப்பட்ட யூசுப் கான் 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார்.

இடிப்பு

அமைதி நிலவிய பின்னர் கோட்டையின் தேவை குறைந்தது. மதிலுக்குள் மக்கள் நெருக்கம் மிகுந்தது. தேங்கிய அகழி நீர் சுகாதாரக் கேடாகக் கருதப்பட்டது. 1834 முதல் 1847 வரை ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், மதிலை இடித்து அகழியை நிரப்புவோருக்கு அந்நிலத்தை வழங்கும் முறையைக் கையாண்டார். அரண் இருந்த பகுதியில் வெளி வீதிகள், மாரட் வீதிகள், பெருமாள் மேஸ்திரி வீதிகள் ஆகியன உருவாயின. பின்னிரண்டும் இப்பணியில் அவருக்கு உதவிய நில அளவையாளர், மேஸ்திரி ஆகியோரின் பெயர்களைக் கொண்டவை. பிளாக்பர்னின் நினைவாக எழுப்பப்பட்ட விளக்குத்தூண் இன்று அப்பகுதியின் பெயராகவே வழங்குகிறது.

எச்சங்கள்

இங்கிலாந்தில் இடைக்கால நிலக்கிழார்களின் மாளிகைகள் மறைந்த பல இடங்களில், அவற்றைச் சூழ்ந்திருந்த அகழிகள் வயல்வெளிகளில் பள்ளங்களாக எஞ்சியுள்ளன. மதுரையிலோ அகழியே நகரமாகிவிட்டதால் அத்தகைய தடயம் இல்லை. நாயக்கர் கோட்டையின் ஒரு பகுதி பெரியார் பேருந்து நிலையம் அருகே உள்ளது. பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாயில், மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே உள்ளது. இடிக்காமல் விடப்பட்டதால் இது விட்டவாசல் எனப்படுகிறது. அகழி மறைந்துவிட்ட நிலையில், இரு கோட்டைகளையும் நேரில் காண உதவும் சான்றுகள் என்ற வகையில் இவ்வெச்சங்களின் பாதுகாப்பு இன்றியமையாதது.